கடல் கடந்தபின் தாயகத்தை எழுதிய டயன் பூசிகோ

பஞ்சத்துக்குத் தப்பி நியூயோர்க்கில் கரையேறிய அயர்லாந்து மக்கள், அந்நகரத்து நாடக மேடையிலே தம்மவரெனக் கண்டது பெரும்பாலும் குடிகாரக் கோமாளியைத்தான். 1860 மார்ச் மாத இறுதியில் 'கொலீன் போன்' அரங்கேறியபோது அந்நிலை மாறத் தொடங்கிற்று. அதனை எழுதியவர் டயன் பூசிகோ.

1820இல் டப்ளினில் பிறந்தவர் அவர். பிரான்சில் மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி வெளியேறிய புரட்டஸ்தாந்து வழியினரின் பெயரே அவருடைய பெயர். அகதிப் பெயரென்றே நாம் அதனைக் கொள்ளலாம். 20 வயதில், 1841இல், இலண்டன் கொவென்ட் கார்டன் அரங்கில் 'இலண்டன் அஷூரன்ஸ்' அவருக்குப் புகழ் தேடித் தந்தது. ஆங்கில மேட்டுக்குடியினரைப் பற்றிய அந்நகைச்சுவை நாடகத்தில் அயர்லாந்தின் மண்வாசனை இல்லை. பின்னர் பிரெஞ்சு நாடகங்களைத் தழுவி எழுதுவதே பிழைப்பாயிற்று. தழுவல்கள் மலிவாகக் கிடைக்கையில் புதிய நாடகத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க அரங்க முதலாளிமார் முன்வரவில்லை. 1853இல் நடிகை அக்னஸ் ரொபேட்சனுடன் அமெரிக்கா சென்றார். நாடகத்தை மேடையேற்றும் உரிமை ஆசிரியருக்கே உரியதென 1856இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்துக்காக வாதாடியவர்களுள் அவரும் ஒருவர்.

'கொலீன் போன்' உண்மை நிகழ்ச்சியொன்றிலிருந்து பிறந்தது. 1819இல் எலன் ஹான்லி என்ற ஏழைப் பெண்ணைக் கொன்று ஷானன் ஆற்றில் வீசினர். ஜெரால்ட் கிரிபின் அதனை நாவலாக்கினார். பூசிகோவோ தம் நாயகியைச் சாகவிடவில்லை. களவாகச் சாராயம் காய்ச்சும் மைல்ஸ் என்பவன் ஏரியில் பாய்ந்து அவளை மீட்கிறான். அவ்வேடத்தைப் பூசிகோவே ஏற்றார்; நாயகியாக நடித்தவர் அக்னஸ். சிரிக்க வைக்கும் ஏழை அயர்லாந்துக்காரனே இங்கு அறிவும் துணிவும் உடையவன். அதே ஆண்டு இலண்டனில் தொடங்கி அது 200 காட்சிகளுக்கு மேல் ஓடிற்று. விக்டோரியா மகாராணியார் மும்முறை கண்டார். வருமானத்தில் பங்கு கேட்டுப் பெற்றார் ஆசிரியர். அன்று அது அரிய செயல்.

மகாராணியாரும் புலம்பெயர்ந்த கூலியாளும் ஒருங்கே இரசிக்க முடிந்தது எவ்வாறு? அவருடைய அயர்லாந்து நாடகங்களில் தீயவன் பெரும்பாலும் உள்ளூர்த் தரகன் அல்லது காட்டிக்கொடுப்பவன். ஆங்கில அதிகாரியோ கண்ணியவான். இச்சமரசத்தை அவரது குறையாகவே நாம் கருதுகிறோம்.

எனினும் அவரைக் கோழையென ஒதுக்குதல் தகாது. 1874இல் நியூயோர்க்கில் அரங்கேறிய 'ஷோக்ரான்' நாடகத்தில், அவுஸ்திரேலியச் சிறையிலிருந்து தப்பிய ஃபீனியன் இயக்கத்தவன் ஒருவன் ஊர் திரும்புகிறான். நாடோடியான கொன் அவனைக் காக்கிறான். அந்நாடகம் இலண்டனில் வெற்றி பெற்றதும், சிறையிலிருந்த ஃபீனியன் கைதிகளை விடுவிக்குமாறு 1876இல் பிரதமர் டிஸ்ரேலிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அரசு இணங்கவில்லை. அதே ஆண்டு, மேற்கு அவுஸ்திரேலியாவில் அடைபட்டிருந்த அறுவரை 'கட்டல்பா' என்னும் அமெரிக்கக் கப்பல் மீட்டுச் சென்றது.

இறுதிக்காலம் சிறப்பாக அமையவில்லை. 1885இல் சிட்னியில் இளம் நடிகையொருவரை மணந்து, அக்னசுடனான திருமணமே செல்லாதென்றார். தம் பிள்ளைகளின் பெயருக்கும் அதனால் களங்கம் தேடினார். இதற்கு நாம் நியாயம் தேடப் போவதில்லை. ஈட்டிய பெரும்பொருளும் கரைந்தது. நியூயோர்க்கில் சம்பளத்துக்கு நடிப்புக் கற்பித்துவந்த நிலையில் 1890 செப்ரெம்பரில் காலமானார்.

1904இல் டப்ளினில் அபே அரங்கை நிறுவியோர் இவ்வகை நாடகங்களை மதிக்கவில்லை. ஆயினும் அவ்வரங்கின் பெருமைமிகு ஆசிரியராகப் பின்னாளில் விளங்கிய ஷோன் ஓகேசி, இளமையில் 'ஷோக்ரானில்' பாதிரியார் வேடமிட்டவர். 1967இல் அபே அரங்கே அந்நாடகத்தை மேடையேற்றியது.