ஐயம் கேட்ட இளவரசர் தாரா ஷிக்கோ

சமய நூல்களைக் கற்கப் புகும் இளைஞர்க்கு முதலில் வேண்டுவது யாது? வடமொழிப் புலமையா? தருக்க சாத்திரப் பயிற்சியா? குருவின் திருவருளா? இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது ஒன்று உண்டு. எனக்கு இது விளங்கவில்லை என்று நாணாது சொல்லும் நேர்மையே அது. அந்த நேர்மையை அரண்மனையிலிருந்துகொண்டே கைவிடாத ஒருவருடைய வரலாற்றை இங்கே சுருக்கிக் கூற விழைகின்றேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுதல் முறை. யான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையிலே. காலைதோறும் வேதாகம வகுப்பு நடைபெறும். மோசேயின் வரலாற்றையும் பவுல் அப்போஸ்தலருடைய பிரயாணங்களையும் வரிசை பிசகாது ஒப்புவிப்பேன். மாலையில் வீட்டிலே பாட்டனார் திருமுறை ஓதுவார். கோயிலிலே கந்தபுராண படனம் நடக்கும்போது அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பேன். அவற்றின் ஓசை காதில் விழுந்ததேயன்றி, பொருள் என்னவென்று ஒரு நாளாவது கேட்டேனல்லேன். பல்கலைக்கழகம் புகுந்த முதலாண்டிலே கிறிஸ்தவ நண்பர் ஒருவர், உபநிடதங்கள் எதைப்பற்றிப் பேசுகின்றன என்று அன்போடு வினவினார். யான் விடை தெரியாது விழித்தேன். அந்த வெட்கமே என்னை நூல்நிலையத்துக்கு இழுத்துச் சென்றது. உபநிடதங்கள் மேல்நாடு சென்ற வழியைத் தேடியபோது, அங்கே ஒரு முஸ்லிம் இளவரசரைக் கண்டு வியந்தேன்.

பிறப்பும் இளமையும்

தாரா ஷிக்கோ 1615 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அஜ்மீர் நகரிலே பிறந்தார். தந்தையார் பின்னாளில் ஷாஜகான் என்ற பெயரோடு மொகலாய சிங்காசனம் ஏறியவர். தாயார், தாஜ்மகாலால் உலகம் நினைவுகூரும் மும்தாஜ். பெண் மகவுகளே பிறந்திருந்த அவ்விருவரும் அஜ்மீரில் அடங்கியுள்ள மகான் முயீனுத்தீன் சிஷ்தியின் சந்நிதியில் வேண்டிப் பெற்ற மூத்த ஆண்மகன் இவர். இவருக்குப் பின்னே ஷூஜா, ஔரங்கசீப், முராத் என்னும் தம்பியர் பிறந்தனர்.

1633 ஆம் ஆண்டிலே தாரா, தம் பெரிய தந்தையின் மகளாகிய நாதிரா பானுவை மணந்தார். அரச குலத்தவர் பல மனைவியரைக் கொள்வது வழக்காயிருந்த அக்காலத்தில், இறுதிவரை நாதிராவே அவருக்கு இன்பதுன்பங்களிற் பங்காளியாயிருந்தார். முதற் குழந்தை இறந்துபோக, தாரா நோயுற்றுத் தளர்ந்தார். தந்தையார் அவரை லாகூரிலிருந்த மியான் மீர் என்னும் சூபி ஞானியிடம் அழைத்துச் சென்றார். நோயும் தீர்ந்தது, உள்ளத்திலே புதியதொரு வேட்கையும் எழுந்தது. மியான் மீர் 1635 இல் மறைந்தபின், அவருடைய மாணாக்கராகிய முல்லா ஷாவிடம் தாராவும் அவர் தமக்கை ஜகனாராவும் காதிரிய்யா தரீக்காவிலே தீட்சை பெற்றனர். 1640 ஆம் ஆண்டிலே, தமது இருபத்தைந்தாவது வயதில், இஸ்லாமிய மகான்களின் வரலாறுகளைத் தொகுத்துத் தாரா தம் முதல் நூலை எழுதினார். தம் சொந்த சமயத்தின் ஆழத்தைக் காண முயன்றபின்னரே அவர் பிற சமயத்தின் வாயிலைத் தட்டினார் என்பது இங்கே கருதத்தக்கது.

வினாவோடு சென்றவர்

1653 ஆம் ஆண்டிலே, பாரசீகர் வசமிருந்த கந்தகார்க் கோட்டையை மீட்பதற்குத் தாரா பெரும்படையோடு சென்று தோல்வியுற்றுத் திரும்பினார். தோல்வியுடன் மீண்ட இளவரசர் லாகூரிலே தங்கியபோது நாடிச் சென்றது யாரை? பாபா லால் என்னும் இந்துத் துறவியை. அவர் முன்னே அமர்ந்து வினாக்களை ஒவ்வொன்றாகத் தொடுத்தார். நாதத்துக்கும் வேதத்துக்கும் வேறுபாடு யாது? உருவ வழிபாட்டின் கருத்து என்ன? இந்துக்கள் இறந்தவரை எரிப்பது எதனால்? இவையெல்லாம் நம் வீட்டுச் சிறுவன் கேட்டால், பேசாமலிரு என்று நாம் அதட்டி அடக்கும் வினாக்களல்லவா? பேரரசின் பட்டத்துக்குரியவர் அவற்றைக் கேட்டார். துறவி பொறுமையோடு விடை தந்தார். அந்த உரையாடல்கள் பாரசீக மொழியிலே எழுதிவைக்கப்பட்டு இன்றும் நிலவுகின்றன.

இருபெருங் கடல்களின் சங்கமம் என்று பொருள்படும் நூலைத் தாரா 1655 ஆம் ஆண்டளவில் இயற்றினார். சூபிகளின் கலைச்சொற்களையும் இந்து ஞானிகளின் கலைச்சொற்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுவது அந்நூல். பிரமன், திருமால், மகேசுவரன் ஆகிய மூவரையும் ஜிப்ராயீல், மீக்காயீல், இஸ்ராபீல் என்னும் வானவர்களோடு அவர் பொருத்திக் காட்டுகின்றார். கற்றறிந்த சைவர் இதனை ஏற்கமாட்டார். கற்றறிந்த முஸ்லிமும் ஏற்கமாட்டார். ஆயினும் புதிதாகக் கற்கத் தொடங்கும் எவரும் செய்வது இதுவன்றோ? தெரிந்த கோலைக்கொண்டே தெரியாததை அளக்கின்றோம். யானும் உபநிடதத்தை முதலில் விரித்தபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் வேதாகம வகுப்பிலே கற்ற ஒரு சொல்லையே இணை தேடினேன். அளவுகோல் போதாது என்பது அளந்து பார்த்த பின்னரே தெரியவரும்.

அடுத்த ஆண்டு, யோக வாசிட்டத்தின் சுருக்கத்தைத் தாரா பாரசீகத்தில் மொழிபெயர்ப்பித்தார். நம் முதியோர் தமிழிலே ஞானவாசிட்டம் என்று போற்றிப் பயின்றுவரும் நூலின் மூலம் அது. அதற்குக் காரணமான ஒரு கனவையும் முகவுரை கூறுகின்றது. கனவிலே வசிட்டரும் இராமரும் தோன்றினராம்; வசிட்டர் சொற்படி இராமர் தாராவைத் தழுவி இனிப்பும் ஊட்டினாராம். கனவின் மெய்ம்மை எவ்வாறாயினும், கனவிலும் இவரை விடாத வேட்கையை நாம் ஐயுற வேண்டியதில்லை.

ஆறு மாத உழைப்பு

இவருடைய பணிகளுள் தலையாயது 1657 ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது. ஒரே இறைவன் என்னும் உண்மை குர்ஆனிலே குறிப்பாக நிற்கும் இடங்களுக்கு விளக்கம் தேடிய தாரா, பல வேதங்களையும் பார்த்து, இறுதியாக உபநிடதங்களை அடைந்தார். காசியிலிருந்து பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் வரவழைத்தார். டில்லியிலே யமுனைக் கரையிலுள்ள நிகம்போதம் என்னுமிடத்தில் அவர்களோடு அமர்ந்து, ஆறு மாதங்களுக்குள் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்கி முடித்தார். பெரும் மறைபொருள் என்பது அத்தொகுதியின் பெயர். ஈசம், கேனம், கடம் முதலியனவும், சாந்தோக்கியம், பிருகதாரணியகம் என்னும் பெருநூல்களும் அதில் அடங்கும்.

குர்ஆனிலே சொல்லப்படும் மறைந்த நூல் என்பது உபநிடதங்களே என்று தாரா முடிவு செய்தார். அம்முடிவு இஸ்லாமிய அறிஞர்க்கு உடன்பாடன்று. மூலத்தோடு பழைய உரைக் கருத்துக்கள் கலந்துவிட்ட இடங்களும் மொழிபெயர்ப்பில் உண்டு. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அவர் தம் சமயத்தைத் துறந்து இந்துவானவர் அல்லர். குர்ஆனை மேலும் தெளிவாக விளங்கிக்கொள்ளும் பொருட்டே உபநிடதத்தைத் திறந்தார். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது, அவருடைய நேர்மைக்கு நாம் இழைக்கும் தவறாகும்.

வீழ்ச்சி

நூல் முடிந்து சில மாதங்களும் செல்லவில்லை. 1657 செப்டம்பரில் ஷாஜகான் நோயுற்றார். தம்பியர் மூவரும் முடிக்காகப் படை திரட்டினர். தாரா கல்வியிற் பெரியவராயினும் போரிலே தேர்ந்தவரல்லர். அரசவையிலே செருக்காகப் பேசிப் பிரபுக்கள் பலரின் மனத்தைப் புண்படுத்தியவர் என்றும் அக்காலத்தவர் எழுதியுள்ளனர். ஞானியர் முன் பணிந்த அவர் படைத்தலைவர் முன் பணிவறியாது நின்றார் போலும். 1658 மே மாதத்தில் ஆக்கிராவுக்கு அருகே சாமூகர்ப் போரிலே அவர் யானையை விட்டிறங்கிக் குதிரை ஏறினார். அம்பாரி வெறுமையாயிருந்ததைக் கண்ட வீரர்கள், தலைவர் மாண்டார் என எண்ணிச் சிதறினர் என்பர். ஔரங்கசீப் வென்றார். தந்தையார் ஆக்கிராக் கோட்டையிலே சிறைப்பட்டு, 1666 இல் அங்கேயே உயிர் நீத்தார்.

1659 மார்ச்சு மாதத்தில், தாம் பிறந்த அஜ்மீருக்கு அருகிலேயே தாரா மீண்டும் தோற்றார். பின்னர்ப் பாலைவழியாகச் சிந்து நோக்கி ஓட்டம். அவ்வழியிலே நாதிரா பானு நோயால் இறந்தார். மியான் மீர் அடங்கியிருக்கும் லாகூரிலே மனைவியின் உடல் அடக்கம் பெற வேண்டுமென்று, எஞ்சியிருந்த வீரர்களை அதற்குத் துணையாக அனுப்பிவிட்டுத் தாரா தனித்து நின்றார். அரசியலறிஞர் இதனைப் பேதைமை என்பர். யான் அவ்வாறு சொல்லத் துணியேன். அடைக்கலம் தந்த மாலிக் ஜீவன் என்பவன், முன்பொரு காலத்தில் மரண தண்டனையிலிருந்து தாராவாற் காப்பாற்றப்பட்டவன். அவனே அவரைப் பகைவரிடம் ஒப்புவித்தான்.

டில்லி வீதிகளிலே இழிந்ததொரு யானைமீது, இளைய மகனோடு, கந்தை உடையில் தாரா ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டார். அதனை நேரிற் கண்ட பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், வீதியெங்கும் மக்கள் அழுத காட்சியை எழுதிவைத்துள்ளார். மார்க்கத்தை விட்டு விலகினார் என்பது தாராமீது சாட்டப்பட்ட குற்றம். பிரபு என்னும் சொல்லை நாகரி எழுத்திலே பொறித்த மோதிரத்தை அணிந்ததும் அக்குற்றத்துக்குச் சான்றாகக் கூறப்பட்டது. 1659 ஆகஸ்டு 30 ஆம் நாள் இரவு, நாற்பத்துநான்காம் வயதில், அவர் கொல்லப்பட்டார். டில்லியிலே உமாயூன் சமாதி வளவில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

இதனைக் கொண்டு இஸ்லாத்தைப் பழிப்பார் சிலர் உளர். அது நீதியன்று. வேதாந்தத்தோடு எவ்வித உறவுமில்லாத தம்பி முராத்தும் 1661 இல் கொலையுண்டான். முடியாசைக்கு மதம் போர்வையாயிற்று என்பதே பொருத்தமான முடிவு. தாராவை அழைத்துச் சென்று ஞான வேட்கையை ஊட்டிய மியான் மீரும் அதே இஸ்லாத்தின் புதல்வரல்லரோ?

விதைத்தது வீணாகவில்லை

அரசை இழந்தவரின் நூல் அழியவில்லை. அதன் படியொன்று பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரெஞ்சு அறிஞர் ஆங்கத்தில் துய்ப்பெரோனுக்குக் கிடைத்தது. அவர் அதனை இலத்தீனிலே பெயர்த்து, 1801 ஆம், 1802 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். சில ஆண்டுகளின் பின் ஜெர்மானியத் தத்துவஞானி சோப்பனவர் அதனைப் படித்து, தம் வாழ்வுக்கே ஆறுதலாகப் போற்றினார். காசிப் பண்டிதரின் வாய்மொழி பாரசீகமாகி, இலத்தீனாகி, ஐரோப்பிய அறிஞர் பலருடைய கைகளிலே உபநிடதத்தை முதன்முதலாகச் சேர்த்தது. அதற்கு வழி திறந்தது, விளங்கவில்லை என்று சொல்ல நாணாத ஓர் இளவரசரின் நெஞ்சமே.

சங்கத்து இளைஞர்களே, நம்மிற் பலர் நம் நூல்களை அறியாமையை நவீனம் என்று மறைக்கின்றோம். வேறு சிலர் அறிந்தவர்போல் நடித்து மறைக்கின்றோம். இரண்டும் வேண்டா. தாராவுக்குக் காசியிலிருந்து பண்டிதரை வருவிக்கவேண்டியிருந்தது. நமக்கோ அறிந்தவர்கள் அடுத்த வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் இருக்கின்றனர். அவர்களும் என்றும் இருப்பவர்களல்லர்.

பெரியோர்களே, எங்கள் வினாக்கள் சில வேளைகளில் துடுக்காகத் தோன்றலாம். மிஷன் வகுப்பிலே பழகிய சொற்களோடு வந்து கேட்போம். பாபா லால் அந்த இளவரசருக்குச் செய்ததுபோல, இருத்தி வைத்து விடை கூறுங்கள். கேட்கும் பிள்ளை சமயத்தை விட்டு ஓடுபவனல்லன். அதன் வாயிலைத் தேடி வருபவன்.

சென்ற விடுமுறையிலே பாட்டனாரிடம் புராண படனத்தில் ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஏட்டை முதலிலிருந்து புரட்டத் தொடங்கினார். அன்று இராச் சாப்பாடு ஆறிப்போயிற்று.