இரு கல்லூரிகளின் மாணவர் டுபாய்ஸ்

வில்லியம் எட்வர்டு பர்க்கார்ட் டுபாய்ஸ் 1868 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவர் குழந்தையாய் இருந்தபோதே தந்தை பிரிந்து சென்றார். பக்கவாதத்தால் தளர்ந்த தாயே வறுமையில் வளர்த்தார். பள்ளித் தலைமை ஆசிரியர் இவரைக் கிரேக்கமும் இலத்தீனும் பயிலச் செய்தார். அவை இன்றி அந்நாளில் உயர்கல்லூரி வாயிலை நெருங்கவும் இயலாது.

இளமை முதலே இவர் உள்ளம் நாடியது ஆர்வர்டையே. ஆனால் 1885 இல் தாய் மறைந்தார்; கையில் பொருளும் இல்லை. சில திருச்சபைகள் பொருள் திரட்டி, விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1866 இல் நாஷ்வில் நகரில் நிறுவப்பட்ட ஃபிஸ்க் கல்லூரிக்கு இவரை அனுப்பின. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று நாம் எண்ணக்கூடும். ஆயினும் தம் இனத்தைச் சேர்ந்த இத்தனை இளைஞர்களை ஒருசேர இவர் கண்டது அங்கேதான். கோடை விடுமுறைகளில் டென்னசியின் உட்கிராமத்தில் ஒரு மரக்குடில் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். ஏழைக் குடியானவர்களின் வாழ்வை அங்கே கண்ணாரக் கண்டார். ஆர்வர்டு இதனைக் கற்பித்திருக்காது என்பது நம் கருத்து.

1888 இல் ஃபிஸ்கில் பட்டம் பெற்று ஆர்வர்டுக்கு விண்ணப்பித்தார். இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. ஆனால் ஃபிஸ்க் பட்டத்தைத் தம் பட்டத்திற்கு நிகராக ஆர்வர்டார் ஏற்கவில்லை. இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொண்டனர். பட்டதாரி ஒருவர் மீண்டும் இரண்டாண்டுகள் இளங்கலை மாணவராக அமர நேர்ந்தது. கல்லூரி மாறி ஓராண்டை இழந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வலி புரியும். டுபாய்ஸ் முணுமுணுக்காமல் அமர்ந்தார்.

அங்கே வாழ்க்கை தனிமையானது. கல்லூரி விடுதியை நாடாமல், கறுப்பினப் பெண்மணி ஒருவரின் இல்லத்தில் வாடகை அறையில் தங்கினார். நன்றாகப் பாடக்கூடியவர், எனினும் மாணவர் பாடற்குழு இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்வதற்கு முந்திய கோடையில்தான் ஃபிஸ்க் தோழர்களின் பாடற்குழுவுக்காக ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்து கல்விக்குப் பணம் திரட்டியிருந்தார் என்பதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஆசிரியர்களோ அன்பு பாராட்டினர். வில்லியம் ஜேம்ஸ் தம் இல்லத்திற்கே அழைத்தார். மெய்யியலால் பிழைப்பு நடத்துவது அரிது என்று அறிவுறுத்தியவரும் அவரே. டுபாய்ஸ் வரலாற்றின் பக்கம் திரும்பினார்.

1890 இல் சிறப்புடன் தேறினார். பட்டமளிப்பு விழாவில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவருள் இவரும் ஒருவர். எடுத்துக்கொண்ட பொருள், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ்! பின்னர் பெர்லினிலும் பயின்று, 1895 இல் ஆர்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

1946 இல் அண்ணல் அம்பேத்கர் இவருக்கு ஒரு மடல் விடுத்தார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படிகளை அதில் வேண்டியிருந்தார். டுபாய்ஸ் அனுப்புவதாகப் பரிவோடு மறுமொழி எழுதினார். 1963 ஆகஸ்ட் 27 அன்று கானா நாட்டின் அக்ரா நகரில், தம் 95 ஆம் வயதில் மறைந்தார்.