கல்லான மரங்களைப் படித்தவர்: யார் இந்த பீர்பால் சாஹ்னி?

நவம்பர் 14 என்றாலே நேரு ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு 2 வருஷம் கழித்து, 1891-ல் அதே தேதியில் பிறந்தவர் பீர்பால் சாஹ்னி. லக்னோவில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய விஞ்ஞானி. அதன் அடிக்கல்லில் இருவரின் கையும் பட்டிருக்கிறது.

சொந்த ஊர் பேரா. இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அப்பா ருச்சி ராம், லாகூரில் வேதியியல் பேராசிரியர். லாகூரில் பட்டம் முடித்து 1911-ல் கேம்பிரிட்ஜ் போன சாஹ்னி, அங்கே சீவார்ட் என்ற அறிஞரிடம் பழங்காலத் தாவரங்களை ஆராயக் கற்றார். 1919-ல் நாடு திரும்பினார். 1921-ல் லக்னோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியரானார். 1936-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

கல்லில் அப்படி என்ன இருக்கு?

விழுப்புரம் பக்கம் திருவக்கரை போனவர்கள் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் புதைந்த மரத்துக்குள் தாதுக்கள் கலந்த தண்ணீர் ஊறி ஊறி, கடைசியில் மரமே கல்லாகிவிடும். ஆனால், உள்ளே செல்களின் அமைப்பு அப்படியே தங்கிவிடும். அதை மெல்லிசாக அறுத்து, தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது எந்த வகை மரம் என்று கண்டுபிடிக்கலாம். பாறையின் வயதைக் கணிக்கவும், நிலக்கரி தேடவும் இந்தப் படிப்பு உதவும்.

இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் குன்றுகளின் புதைபடிவங்களை ஆராய்ந்துதான், தெரிந்த எந்த வகையிலும் அடங்காத 'பென்டாக்சிலியே' என்ற அழிந்துபோன தாவரக் குழுவை 1948-ல் அவர் விவரித்தார்.

ஒரே வாரத்தில் வந்த அடி

1946-ல் நிறுவனம் தொடங்கியபோது சொந்தக் கட்டடம் கிடையாது. பல்கலைக்கழகத் துறையிலேயே இயங்கியது. சாஹ்னியும் மனைவி சாவித்திரியும் தங்கள் பணம், புத்தகங்கள், சேகரித்த புதைபடிவங்கள் எல்லாவற்றையும் அதற்கே கொடுத்தார்கள்.

அடிக்கல்லை சாஹ்னியே உருவாக்கினார். உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த புதைபடிவங்களை அதில் பதித்தார். 1949 ஏப்ரல் 3 அன்று பிரதமர் நேரு அதை நாட்டினார். அடுத்த ஒரு வாரத்துக்குள் மாரடைப்பால் சாஹ்னி இறந்துபோனார். வயது 57.

கட்டடம் இல்லை, தொடங்கியவரும் இல்லை. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால், விஞ்ஞானி அல்லாத சாவித்திரி பொறுப்பைக் கையில் எடுத்தார். 1953 ஜனவரியில் புதிய கட்டடத்தை நேருவே வந்து திறந்துவைத்தார். 1969 வரை நிறுவனத்தை வழிநடத்தியவர் சாவித்திரிதான்.

இன்று அது மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்குகிறது. பெயர், பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம். சாஹ்னியின் சமாதி அதே வளாகத்தில் இருக்கிறது. அவர் செய்த அடிக்கல், அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லக்னோ போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.