ஒற்றைக்கால் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட்

ரெண்டு போன், ஸ்பெக் எல்லாம் ஒண்ணுதான். ஆனா ஒண்ணை மட்டும் கையில எடுத்தா கீழே வைக்க மனசு வராது. அந்த உணர்வைத் திட்டம் போட்டே ஒரு பொருளுக்குள்ள வைக்கிறதுக்கு இப்போ எமோஷனல் டிசைன்னு பேர். இந்தப் பேர் வர்றதுக்கு 200 வருஷத்துக்கும் முன்னாடியே அதைச் செஞ்சு காட்டியவரைத் தெரிஞ்சுக்கோங்க.

ஜோசையா வெட்ஜ்வுட், 1730-ல் இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில் ஒரு குயவர் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அடுத்து வந்த பெரியம்மை வலது முழங்காலைக் கெடுத்தது. குயவர் சக்கரத்தைக் காலால் மிதித்துச் சுற்ற வேண்டுமே, அது முடியல. அதனால் களிமண் கலவை, கிளேஸ், வடிவமைப்பு என்று கவனம் திரும்பியது. 1768-ல் அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம், யோசிச்சுப் பாருங்க! அப்புறம் கடைசிவரை மரக்கால்தான்.

ஒவ்வொரு சோதனைக்கும் எண் போட்டு, ரகசியக் குறியீட்டில் எழுதி வைப்பார். (நம்ம லேப் ரெக்கார்ட் மாதிரி காப்பி அடிச்சது இல்ல.) ஜாஸ்பர் என்ற பீங்கான் வகை கிடைப்பதற்குள் ஆயிரக்கணக்கான சோதனைகள் ஆகிவிட்டன.

ஆனால் அவருடைய பெரிய திறமை சூளையில் இல்ல, வாங்குறவங்க மனசைப் படிப்பதில் இருந்தது. 1765-ல் ராணி சார்லட் அவரிடம் டீ செட் ஆர்டர் கொடுத்தார். உடனே அந்த வெளிர்மஞ்சள் பாத்திர வகைக்கே ராணியின் பேரை வைக்க அனுமதி வாங்கிவிட்டார். அதே வகைத் தட்டை வாங்கும் நடுத்தர வீட்டுக்காரருக்கு அரண்மனைச் சாப்பாடு சாப்பிட்ட திருப்தி! கறுப்பு டீ பாட் ஏன் விற்றது தெரியுமா? அதைப் பிடிக்கும்போது பெண்களின் கை இன்னும் வெள்ளையாகத் தெரியும். இதைக் கவனித்துச் சொன்னவர் கூட்டாளி தாமஸ் பென்ட்லி. வெள்ளைக் கை ஃபேஷன் மாறாமல் இருக்கட்டும் என்று வெட்ஜ்வுட் பதில் கடிதம் எழுதினார். கெட்டிக்கார வியாபாரிதான், ஆனா மனுஷங்களோட கர்வத்தையே காசாக்கினார் என்றும் சொல்லலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். 1787-ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்க லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. வெட்ஜ்வுட்டும் அதில் சேர்ந்தார். சங்கத்தின் முத்திரைப் படத்தை வைத்து, அவருடைய சிற்பி வில்லியம் ஹேக்வுட் ஒரு சின்னப் பதக்கத்துக்கு அச்சு செய்தார். வெள்ளைப் பரப்பில், சங்கிலியால் கட்டப்பட்ட கறுப்பின மனிதர் ஒருவர் மண்டியிட்டு, தானும் மனுஷன்தானே, சகோதரன்தானே என்று கேட்கிறார். வெட்ஜ்வுட் தன் சொந்தச் செலவில் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1788-ல் ஒரு பொட்டலம் கடல் தாண்டி பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் போனது. ஆண்கள் அதை மூக்குப்பொடி டப்பா மூடியில் பதித்தார்கள். பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும் வைத்துக்கொண்டார்கள். ஓட்டுரிமை இல்லாத பெண்களும் தங்கள் அரசியல் நிலைப்பாட்டைப் போட்டுக்கொண்டு நடக்க முடிந்தது. கர்வத்தை விற்ற அதே கை, இப்போ குற்ற உணர்ச்சியையும் இரக்கத்தையும் ஃபேஷனாக்கியது.

இதில் ரெண்டு முள் இருக்கு. ஒண்ணு, அவருடைய டீ செட்டில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்துக்குள் போனது கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பு. அவர் சரக்கு ஏற்றுமதியான லிவர்பூல்தான் அடிமைக் கப்பல்களுக்கும் பெரிய துறைமுகம். இன்னொண்ணு, அந்த மனிதர் ஏன் மண்டியிட்டே இருக்கணும்? பார்ப்பவருக்கு இரக்கம் வருது, சரி. ஆனா தனக்குச் சமமான ஒருத்தர் என்ற எண்ணம் வருமா? இப்படிக் கேட்கிற வரலாற்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுது. பதக்கம் பரவிக்கொண்டிருந்த 1791-லேயே ஹெய்ட்டியில் அடிமைகள் எழுந்து நின்று போராடத் தொடங்கிவிட்டார்கள்.

அதே வருஷம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அடிமை வியாபாரத் தடை மசோதாவைத் தோற்கடித்தது. கோபத்தில் நிறைய குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை நிறுத்தின. சர்க்கரைக் கிண்ணம் விற்றவர்தான், ஆனாலும் வெட்ஜ்வுட் இயக்கத்தை விட்டு விலகவில்லை. 1795 ஜனவரியில் இறந்தார். வியாபாரத்துக்குத் தடை வர இன்னும் 12 வருஷம் இருந்தது.