வெயிலை அறிந்து வீடு வகுத்தவர்

ஒரு கட்டடம் எழுமுன்னரே அதனுள் எத்துணை வெப்பம் புகும், அதைத் தணிக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று இன்று கணினி கணித்துவிடுகிறது. ஆயினும் அக்கணக்குப் பல வேளைகளில் பிழைத்துப் போகிறது. சாளரத்தை எப்போது திறப்பர், அடுப்பை எப்போது மூட்டுவர் என்பதை வரைபவர் ஊகிப்பதே அதற்குப் பெருங்காரணம். ஊகியாமல் கேட்டறிந்தவராகவே மினெட் டி சில்வா அம்மையாரை நான் போற்றுகிறேன்.

கண்டியில் 1918இல் பிறந்த அவர், பம்பாயிலும் இலண்டனிலும் பயின்றார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களுள் அப்பேறு முதலில் பெற்றவர் அவரே. பின்னர் கண்டிக்கே திரும்பித் தொழில் நடத்தினார்.

1951இல் முடிவுற்ற கருணாரத்தின இல்லத்தை, மலைச்சரிவுக்கு இசைய, ஏறி இறங்கும் தளங்களாக அமைத்தார். முற்றமும் விறாந்தையும் அவர் வீடுகளில் உயிர்நாடியாயின. நிழல் சுவரைச் சூடேறாது காக்கும். வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேற, தண்காற்று உட்புகும்.

வட்டபுளுவவில் அரசாங்க ஊழியருக்கான குடியிருப்பை 1950களில் வகுத்தபோது, குடியேறவிருந்தோரிடமே வினாக்கொத்து அளித்து அவர்தம் வாழ்க்கை முறையைக் கேட்டறிந்தார். அக்காலத்தில் அது புதுமை.

தாய்நாட்டுக் கட்டடக் கலைஞர் கழகம் 1996இல்தான் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. 1998 நவம்பரில் கண்டியிலேயே மறைந்தார்.

சாளரங்களை அடைத்து இயந்திரத்தால் குளிரூட்டும் கட்டடங்கள் மலைநகரிலும் எழுகின்றன. அவற்றை வரையும் நம் மாணவர், கணினியைத் திறக்குமுன் குடியிருப்போரை ஒருமுறை சென்று காண்பாராக.