வாணலியில் வெளிச்சம் கொண்டு போனவர் – ஜேக்கப் ரீஸ்



நம்ம பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த போட்டோ அண்ணன், டிஜிட்டல் கேமரா தலையில் தனியா ஒரு பிளாஷைச் சொருகினார் இல்லையா? முதல் தடவை பளீர்னு அடிச்சதும் பாதிப் பேர் கண்ணை மூடிட்டோம். அப்புறம் அவர் பிளாஷின் முகத்தை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி அடித்தார். வெளிச்சம் சுவரில் பட்டு மெதுவாக நம் மேல் விழுந்தது. யாருக்கும் கண் கூசவில்லை. பிளாஷ் அடிக்கவும் பழக வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இன்றைய பிளாஷ் பேட்டரியில் எரிகிறது. ஆனால் அது வெறும் பொடியாக இருந்த காலமும் உண்டு. அந்தப் பொடியை வைத்துப் பழகும்போது கண்ணையே இழக்கப் பார்த்தவர் ஜேக்கப் ரீஸ். அவர் கதையைத்தான் இந்த முறை எழுதியிருக்கிறேன்.

ஜேக்கப் ரீஸ் 1849ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் டென்மார்க் நாட்டில் ரீபே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். வீடு நிறைய பிள்ளைகள். சிறுவனாக இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸுக்குத் தனக்குக் கிடைத்த காசை, அழுக்கு வீட்டில் இருந்த ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்து, வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னாராம். சின்ன வயசிலேயே அவருக்கு அந்தக் கவலை வந்துவிட்டது!

தச்சு வேலை கற்றுக்கொண்டார். ஊரில் வேலை இல்லை. 1870ல், 21 வயதில், கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போனார். அங்கேயும் சுகமில்லை. கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பல நாள் பட்டினி. நியூயார்க்கில் அப்போது வீடில்லாதவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஓர் அறையில் படுத்துக்கொள்ளலாம். ஒரு மழை இரவில் ரீஸும் அங்கே படுத்தார். ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்த தங்க லாக்கெட்டை யாரோ தூக்கத்தில் திருடிவிட்டார்கள். புகார் சொன்னதற்கு அவரையே வெளியே தள்ளினார்கள். அவருக்காக வாசலில் காத்திருந்த தெரு நாய்க்குட்டியை ஒரு போலீஸ்காரர் அடித்தே கொன்றுவிட்டார். அந்த இரவை ரீஸ் கடைசி வரை மறக்கவே இல்லை.

1877ல் நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையில் போலீஸ் செய்தியாளராகச் சேர்ந்தார். மல்பெரி தெருவில் வேலை. பக்கத்திலேயே ஏழைகளின் வாடகைக் குடியிருப்புகள். ஜன்னல் இல்லாத அறைகள், பகலிலும் இருட்டு. நம் வகுப்பறையை விடச் சின்ன அறையில், ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் படுத்திருந்ததை ஓர் இரவு அவர் பார்த்தார். ஒரு ஆள் படுக்க 5 சென்ட் வாடகை! இதையெல்லாம் எழுதி எழுதிப் பார்த்தார். படித்தவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. போட்டோ எடுத்துக் காட்டலாம் என்றால், அந்த இருட்டில் எந்தக் கேமராவும் வேலை செய்யாது.

1887ல் ஒரு நாள் காலையில் பேப்பர் படிக்கும்போது ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மெக்னீசியத்தோடு வேறு வேதிப்பொருட்களைக் கலந்து ஒரு பொடி செய்திருக்கிறார்கள். கொளுத்தினால் ஒரு கணம் பகல் மாதிரி வெளிச்சம் வரும். ரீஸுக்கு வழி கிடைத்துவிட்டது!

முதலில் கேமரா தெரிந்த நண்பர்களை இரவில் அழைத்துப் போனார். நடு ராத்திரியில் வர அவர்கள் சலித்துக்கொண்டார்கள். அதனால் 1888ல் 25 டாலர் கொடுத்துத் தானே கேமரா வாங்கிப் பழகினார். முதலில் பொடியைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் வைத்துச் சுட்டார்கள். அதைப் பார்த்ததும் மக்கள் பயந்து ஓடினார்கள். உடனே ரீஸ் அதை விட்டுவிட்டு, கைப்பிடி வைத்த வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்த ஆரம்பித்தார். இருட்டில் கேமராவின் மூடியைத் திறந்து வைப்பார். பொடி பளீர் என்று எரியும். உடனே மூடியை மூடுவார். கண்ணாடித் தகட்டில் படம் பதிந்துவிடும். அறை முழுக்கப் புகை.

பழகும்போது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு தடவை வீட்டில் தீப்பிடித்தது. ஒரு தடவை அவர் உடம்பிலேயே பிடித்தது. அப்போது மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால்தான் கண் தப்பியது. இன்னொரு நாள் ஒரு மாடி அறையில் பார்வையில்லாத ஐந்து பேரைப் படம் எடுத்தார். வெளிச்சம் அடங்கியதும் பார்த்தால், சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் எரிகிறது! அந்த ஐந்து பேருக்கும் ஆபத்தே தெரியவில்லை. கீழே போகும் படிக்கட்டோ ஆட்டம் கண்டது. ரீஸ் தனி ஆளாகத் தீயை அடித்து அணைத்தார். இதைப் படிக்கும்போது எனக்குப் படபடன்னு அடிச்சுக்கிச்சு.

அந்தப் பன்னிரண்டு பேர் அறையைப் பற்றி முதலில் சுகாதார அதிகாரிகளிடம் வாயால் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. ஈரம் காயாத நெகட்டிவைக் கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் அசைந்தார்கள். 1890ல் அவருடைய படங்களோடு புத்தகம் வந்தது. பாதி உலகம் எப்படி வாழ்கிறது என்பதை மீதி உலகத்துக்குச் சொல்லும் புத்தகம். அதைப் படித்துவிட்டு உதவ வந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவர் 1895ல் நியூயார்க் போலீஸ் வாரியத் தலைவரானார். இரவில் இருவரும் சேர்ந்தே தெருத் தெருவாக நடந்தார்கள். ரீஸின் நாய்க்குட்டி செத்த மாதிரியான போலீஸ் தங்கும் அறைகளை ரூஸ்வெல்ட் 1896ல் மூடினார். மல்பெரி பெண்ட் என்ற மோசமான குடியிருப்பு இடிக்கப்பட்டு, 1897ல் அங்கே பூங்கா திறந்தார்கள். ரூஸ்வெல்ட் பிறகு அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனார்.

ரீஸிடம் குறையும் உண்டு. அதையும் எழுதுவதுதான் நியாயம். தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கேட்காமலே பல படம் எடுத்தார். வெளியூரிலிருந்து வந்த சில இன மக்களைப் பற்றித் தாழ்வாகவும் எழுதினார். நம்ம வீட்டுக்குள் ராத்திரி யாரோ நுழைந்து பளீர்னு அடிச்சா நமக்கு எப்படி இருக்கும்? நல்ல காரியத்துக்கு என்றாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

1914ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ரீஸ் காலமானார். அவருடைய படங்களை உலகமே மறந்துபோனது. 1940களில் அலெக்சாண்டர் ஆலண்ட் என்ற புகைப்படக்காரர் தேடி அலைந்ததால், ரீஸ் குடும்பத்தின் பழைய வீட்டுப் பரணிலிருந்து அந்தக் கண்ணாடித் தகடுகள் கிடைத்தன. இப்போது அவை நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தோழர்களே! போட்டோவுக்கு முன்னால் நிற்க நாம் எல்லாரும் முண்டியடிக்கிறோம். ரீஸ் யாரும் பார்க்காதவர்கள் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினார். நாளைக்கு நம் கையிலும் கேமரா வரும், பிளாஷ் வரும். அப்போது இரண்டை மறக்காதீர்கள். யார் இருட்டில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிச்சம் போடும் முன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.


9ஆம் வகுப்பு மாணவி