சணல் முறுக்கில் ரேடியோ அலையைத் திருப்பிய போஸ்: பால்வீதிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கோவை ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்க, எஸ் முறுக்கு, இசட் முறுக்கு வித்தியாசத்தை சட்டுனு சொல்வாங்க. இதேபோன்ற முறுக்கை வைத்து, ரேடியோ அலையையே திருப்பிக் காட்டியவர் ஜெகதீஷ் சந்திர போஸ். அதுவும் 1898-ல்!

யார் இவர்?

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர்களை விட இவருக்குச் சம்பளம் குறைவு. போஸ் வேலையை விடவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

ரேடியோ அலை ஒரே தளத்தில் அதிர்ந்தால் அதற்குப் பெயர் போலரைசேஷன். நம்ம பாடப்புத்தகத்தில் தளவிளைவு. ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கிற ரேடியோ டெலஸ்கோப், ஒரே தளத்தில் அதிரும் அலையைத்தான் வாங்கும். அந்தத் தளம் திரும்பினால் சிக்னலும் மாறும்.

1895-ல் இந்தத் தளவிளைவை ஆராய்ந்த போஸ், பின்னர் 5 மில்லிமீட்டர் வரை குட்டையான அலைகளை உருவாக்கினார். அலையை வடிகட்ட அவர் எடுத்தது ஒரு ரயில் கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு நடுவே மெல்லிய உலோகத் தாள்களைச் செருகினார், அவ்வளவுதான். அடுத்து, முறுக்கிய சணல் கட்டுகள். அவற்றின் வழியே போன அலையின் தளம் திரும்பியது. முறுக்கை மாற்றினால் எதிர்ப்பக்கம் திரும்பியது.

பால்வீதியில் என்ன நடக்குது?

கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பாயும் எலெக்ட்ரான்கள், பால்வீதியின் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை வெளியிடும். அவற்றுக்கும் தளவிளைவு உண்டு என்பது 1962-ல் தெரிந்தது. வரும் வழியில் அந்தத் தளம் திரும்பவும் செய்யும். இங்கே காரணம் முறுக்கு இல்லை, காந்தப்புலமும் எலெக்ட்ரான்களும். ஆனா அளக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: எவ்வளவு திரும்பியது? அதை வைத்து, காந்தப்புலம் நம்மை நோக்கி இருக்கா, விலகி இருக்கா என்று சொல்லிவிடலாம்.

2009-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம், வானம் முழுக்க தளவிளைவை அளந்து மேப் போட்டது. அதன் அலைவரிசைகளில் இரண்டு 44, 70 ஜிகாஹெர்ட்ஸ். போஸ் கல்லூரியில் உருவாக்கிய அலை? சுமார் 60 ஜிகாஹெர்ட்ஸ்.

பெயர் ஏன் பின்தங்கியது?

காப்புரிமை வாங்கிப் பணம் பார்ப்பதில் போஸுக்கு விருப்பம் இல்லை. வானொலி என்றதும் உலகம் மார்கோனியைச் சொன்னது. போஸ் தாவர ஆய்வுக்குத் திரும்பி, 1917-ல் சொந்த ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பால்வீதியிலிருந்து ரேடியோ அலை வருவதை 1933-ல் கார்ல் ஜான்ஸ்கி அறிவித்தபோது போஸ் உயிரோடு இருந்தார். 1937 நவம்பர் 23-ல் மறைந்தார். அந்த அலையின் தளத்தை உலகம் அளக்க, அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் ஆனது.